சத்தம் வைக்காத வீடு

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் ‘ஹலோ அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு மாடி, மாடிக்கு ஆறு வீடு, நடுவில் சுவர் என்ற பெயரில் ஏதோ ஒன்று. பக்கத்து வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். மூன்றாம் மாடி மூலை வீட்டில் காலை எட்டு மணிக்கு “ஹலோ, வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?” என்று ஒரு குரல் கிளம்பினால் சாயங்காலம் ஐந்துவரைக்கும் ஓயாது. அதனால் வந்த பெயர்.

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே புகார் கேட்கிற வேலை அவளுக்கு. குடித்த தண்ணீரை மெஷின் துப்ப மாட்டேன் என்கிறது, புதுச் சட்டையைக் கந்தலாக்கிவிட்டது, வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை அதற்குள் பேய் மாதிரி குதிக்கிறது என்று வயிறெரிந்து கூப்பிடுகிறவர்களை எல்லாம் பேசியே குளிரவைத்து அனுப்ப வேண்டும். அதில் அவள் மகா கெட்டிக்காரி. செருப்பால் அடிப்பேன் என்று ஆரம்பித்தவர்கள்கூட நல்லாயிரும்மா என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். அவ்வளவு பதமான குரல். அந்தக் குரலில் ஒரு சொட்டுகூட வீட்டுக்கு மிஞ்சவில்லை என்பதுதான் இந்தக் கதை. இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பாப்பா பிறந்து ஐந்தாவது மாதம் கம்பெனி அவளுக்கு இரண்டு வழி சொன்னது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய் ஆபீஸில் உட்காரலாம். இல்லாவிட்டால் வீட்டிலேயே கம்ப்யூட்டரும் ஹெட்செட்டும் வைத்துக்கொண்டு பேசலாம். இரண்டாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பேசுவதெல்லாம் பதிவாகும். நாய் குரைப்பது, குக்கர் விசில், குழந்தை அழுவது, எது கேட்டாலும் ‘பின்சத்தம்’ என்று ஒரு குறி விழும். மாதத்தில் மூன்று குறி விழுந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஐந்து மாதக் குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டுப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? பிள்ளையைக் கண்முன்னால் வைத்து வளர்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் அவள் வீட்டு வேலையை எடுத்துக்கொண்டாள். அந்த ஆசையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் மாதமே இரண்டு குறி விழுந்தது. அடுத்த மாதமும் இரண்டு. எப்போது மூன்றாவது விழும் என்று மாதக் கடைசிவரை நாளை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

பாப்பாவுக்கு ஒன்பதாவது மாதம். பல் முளைக்கிற வேதனையில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் லைனில் இருந்தார். அவர் வீட்டு மெஷின் வழிந்து கீழ்வீட்டுக்காரர் கட்டில்மேல் கொட்டியிருந்தது. மனிதர் விடுவதாக இல்லை. பாப்பா வாயைத் திறந்தாள். ஹலோ அக்கா அவளை மடியில் இழுத்துப் போட்டு உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள். மூக்கை விட்டுவிட்டுத்தான் பொத்தினாள், அந்தக் கவனம் இருந்தது. பொத்திய கையோடு, “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார்” என்று பதினோரு நிமிஷம் பேசினாள். கையை எடுத்தபோது பாப்பா அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் ஒரு குறியும் இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கட்டின புருஷனிடம்கூட.

அதற்குப் பிறகு பொத்தவேண்டிய தேவையே வரவில்லை. குழந்தை அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டது. அம்மா ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் மூச்சு விடக்கூடாது. அந்த நேரத்தில் ஏதாவது சத்தம் போட்டால் அம்மா முகம் கல்லாகிவிடும். அடி இல்லை, திட்டு இல்லை, முகம் மட்டும்தான். அது போதும். ஒன்றரை வயதில், “ம்மா, தா, பூ” என்று எதையோ உளறிக்கொண்டிருக்கிற பிள்ளை, அம்மாவின் கை ஹெட்செட் பக்கம் போவதைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிடும். அப்புறம் அந்த உளறலும் நின்றுபோனது. எந்த நாளில் நின்றது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

எட்டு மணி நேரம் பிள்ளையை எப்படி உட்காரவைப்பது? டிவிதான். பொம்மைப்படம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் சத்தம் வைக்கக்கூடாதே! சுத்தமாக மியூட். டிவி சலித்தால் செல்போனில் பாட்டு வீடியோ, அதிலும் மியூட். வாயை அகல அகலத் திறந்து பாடுகிற முயல்களும் கரடிகளும், தலையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்கிற ஒரு சிரித்த முகத்துப் பெண்ணும் நாள் முழுக்கப் பாப்பாவிடம் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு ஹெட்செட்டைக் கழற்றினால் ஹலோ அக்காவுக்குத் தொண்டை வறண்டிருக்கும். அதற்குமேல் அவளிடம் ஒரு ‘உம்’ வாங்குவதே பெரும்பாடு. சோறு பிசைந்து ஊட்டுவாள், குளிப்பாட்டுவாள், மார்பில் போட்டுத் தட்டித் தூங்கவைப்பாள். எல்லாவற்றையும் அன்பாகத்தான் செய்தாள், வாயைத் திறக்காமல். புருஷனோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மேலே கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து, கீழே நிற்கிறவன் கையை மடக்கினால் இறக்குவதும் விரலைச் சுழற்றினால் தூக்குவதுமாகப் பதினாறு வருஷம். வீட்டுக்கு வந்தாலும் அதே கை பாஷைதான். கட்டை விரலைக் காட்டினால் தண்ணீர், உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும். பாப்பா அதையும் பிடித்துக்கொண்டாள். அவர் விரலை அசைப்பார், அவள் செருப்பை எடுத்துவந்து கொடுப்பாள். “பார்த்தியா, கிரேன்காரன் பொண்ணு!” என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஊர் வாய் வேறு. கீழ்வீட்டுத் தையல்காரிக்கு இரண்டு பையன்கள், இரண்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்துகிற ரகம். படியில் பாப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், “உங்க பாப்பாவை எனக்கு ஒரு வாரம் வாடகைக்கு விடுங்க, என் மண்டை கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்” என்பாள். வந்தவர் போனவர் எல்லோரும் ‘வீட்டில் பிள்ளை இருக்கிறதே தெரியவில்லை’ என்று புகழ்ந்தார்கள். ஹலோ அக்காவுக்குப் பெருமை தாங்காது. பிள்ளை இருக்கிறதே தெரியவில்லை என்பது புகழ்ச்சியா? ஒருவருக்கும் சுருக்கென்று தைக்கவில்லையே!

பாப்பாவுக்கு மூன்று வயது ஆகும்போது ஒரு நாள் அவள் பொம்மையை எதிரில் உட்காரவைத்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். புருவத்தைத் தூக்குகிறாள், கையை விரிக்கிறாள், தலையை ஆட்டுகிறாள், உதடு நிற்காமல் ஓடுகிறது. குசுகுசுவென்று ஏதோ பேசுகிறாள் என்று ஹலோ அக்கா நினைத்தாள். பூனை மாதிரி பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தாள். குசுகுசுப்பும் இல்லை. உதடு மட்டும்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. செல்போனில் படம் எடுத்து, ‘உங்க பொண்ணு ரகசியம் பேசறா’ என்று புருஷனுக்கு அனுப்பினாள். அவர் பதிலுக்குக் கட்டை விரலை அனுப்பினார்.

“இன்னும் பேசலையே?” என்று அவள் கேட்டபோதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான். “எங்க வீட்ல எல்லாரும் லேட்டாத்தான் பேசினோம். நான் அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தேனாம்.” திறந்து என்ன பேசினார் என்று அவளும் கேட்கவில்லை.

மழலைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் வண்டி தடம்புரண்டது. டீச்சர் குனிந்து, “உன் பேர் என்ன கண்ணு?” என்றாள். பாப்பா அவளை நிமிர்ந்து பார்த்து, சிரித்து, உதட்டை அசைத்தாள். டீச்சர் இன்னும் குனிந்தாள். “சத்தமா சொல்லு.” பாப்பா இன்னும் பெரிதாக வாயைத் திறந்து அசைத்தாள். மூன்றாவது தடவை டீச்சர் பாப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். “காது டெஸ்ட் பண்ணிட்டீங்களா?”

காதில் ஒரு கோளாறும் இல்லை. தொண்டையிலும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, ஏதாவது ஒன்று சரியில்லாமல் இருந்திருக்கக்கூடாதா என்று ஹலோ அக்காவுக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டாள். டாக்டர் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா தரையில் பாயைப் போட்டுப் பாப்பாவோடு அரைமணி நேரம் விளையாடிவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தாள்.

“வீட்ல நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீங்க?”

“எட்டு மணி நேரம் மேடம். என் வேலையே பேச்சுதான்.”

“குழந்தைகிட்ட?”

ஹலோ அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். எத்தனை ஆயிரம் பேருக்கு யோசிக்காமல் பதில் சொன்ன வாய்!

“டிவி ஓடுமா?”

“ஓடும் மேடம். ஆனா சத்தம் வைக்க மாட்டேன். பின்சத்தம் விழுந்துரும்ல.”

அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். பாப்பா பக்கம் திரும்பினாள். பாப்பா ஒரு மரக்கட்டையிடம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் நல்லா கவனிச்சுப் பார்த்தேன்மா. உதடு அசையுதே தவிர அதுல ஒரு வார்த்தையும் இல்ல. வாயை அசைக்கிறதுதான் பேச்சுன்னு நினைச்சுட்டா. அவ பார்த்தவங்க எல்லாரும் அப்படித்தானே பேசினாங்க?”

“சரியாயிடுமா மேடம்?”

“முயற்சி பண்ணுவோம். நாலு வயசு தாண்டிடுச்சு. ரெண்டு வயசுல கூட்டிட்டு வந்திருந்தா நானே உங்களுக்குத் தைரியம் சொல்லியிருப்பேன். இப்ப பொய் சொல்ல விரும்பல.” பிறகு பாடம் சொன்னாள். டிவியை நிறுத்த வேண்டும். செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். “வெங்காயம் நறுக்கினா, வெங்காயம் நறுக்கறேன்னு சொல்லுங்க. கதவைத் திறந்தா, திறக்கறேன்னு சொல்லுங்க. வாயை மூடாதீங்க. அவகிட்ட இருந்து ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் வந்தா போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு மேல போகலாம்.”

அந்த ஒரு சத்தம்தான் அதற்குப் பிறகு அவள் உயிர். அன்றைக்கே வேலையை விட்டாள். மேலதிகாரி போனில் உருகிப்போனார். “நான் பொறுப்புக்கு வந்த இந்த மூணு வருஷமா உங்க லைன்ல ஒரு பின்சத்தம்கூட இல்லீங்க! புதுசா சேர்றவங்களுக்கு உங்க ரெக்கார்டிங்கைத்தான் போட்டுக் காட்டறோம். வீட்ல குழந்தை இருக்குன்னே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.” ஹலோ அக்கா நன்றி சொல்லி வைத்தாள். பழக்கதோஷம், அந்த நன்றியும் பதமாகத்தான் வந்தது.

வேலையை விட்டது சுலபம். பேசுவதுதான் முடியவில்லை. பாப்பாவை எதிரில் உட்காரவைத்து வாயைத் திறந்தால் என்ன வருகிறது? “உங்களுக்கு எப்படி உதவலாம்” வருகிறது. “சற்றுக் காத்திருங்கள்” வருகிறது. சொந்தப் பிள்ளையிடம் சொல்ல ஒரு கொஞ்சல், ஒரு கிண்டல், ஒரு செல்லத் திட்டு, எதுவும் நாக்கில் ஏறவில்லை. தட்டுத்தடுமாறி, “இது... கரண்டி. பாரு, கரண்டி” என்று ஆரம்பித்தால், அந்தக் குரலைக் கேட்டதும் பாப்பா எழுந்துவிடுவாள். அம்மாவின் குரல் வந்தால் அம்மாவுக்கு வேலை நடக்கிறது, நாம் தொந்தரவு செய்யக்கூடாது. நான்கு வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. பொம்மையைத் தூக்கிக்கொண்டு, கால் ஊன்றுகிற சத்தம்கூட வராமல் நடந்து, ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். ஹலோ அக்கா பின்னாலேயே போய்ப் பேசுவாள். பாப்பா இன்னொரு ஓரத்துக்குப் போவாள். பேசப் பேசப் பிள்ளை விலகியது. பேசாமல் இருந்தால் வந்து மடியில் ஏறியது. இந்தக் கொடுமையை எந்தக் கம்பெனியில் புகார் கொடுப்பது?

கிரேன்காரரும் தன் பங்குக்கு முயன்றார். ஒரு சாயங்காலம் வாசலில் நின்று தொண்டையைச் செருமி, “பாப்பா... அப்பா வந்துட்டேன்” என்றார். பாப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அது ஏன் அசையவில்லை என்று. அவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. வாரம் இரண்டு தடவை பயிற்சி. பயிற்சி அம்மா ஊதச் சொன்னாள், பாப்பா ஊதினாள். தொண்டையில் விரலை வைத்து அதிர்வைக் காட்டினாள், பாப்பா ஆர்வமாகத் தொட்டுப் பார்த்தாள். சத்தம் மட்டும் வரவில்லை. ஹலோ அக்கா தன் பாடத்தை விடவில்லை. விலகிப் போனாலும் காதில் விழட்டும் என்று சமையல்கட்டில் நின்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அக்கம்பக்கத்தில் ‘ஹலோ அக்காவுக்கு மண்டை குழம்பிவிட்டது, வேலை போன வருத்தம்’ என்று பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கு மதியம் நல்ல காற்று. சமையல்கட்டுக்குப் பின்னால் துணி காயப்போடுகிற சின்ன மாடம், நடுவில் ஒரு கனமான மரக்கதவு. ஹலோ அக்கா கதவுக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா நான்கு அடி பின்னால் கதவோரம் பொம்மையோடு இருந்தாள்.

“அம்மா வெங்காயம் நறுக்கறேன். வெங்காயம் காரம். அம்மாவுக்குக் கண்ணு எரியுது.”

டப்பென்று ஒரு சத்தம்.

“காத்து அடிக்குது. கதவு சாத்திக்கிச்சு,” என்றாள் ஹலோ அக்கா, திரும்பாமலே. “இப்ப இன்னொரு வெங்காயம். இது பெரிய வெங்காயம். தோலை உரிக்கறேன். இப்ப உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கைக் கழுவறேன். தண்ணி ஜில்லுனு இருக்கு. பாப்பா, தண்ணி ஜில்லுனு இருக்கு!”

அடுப்பைப் பற்றவைத்ததைச் சொன்னாள். எண்ணெய் ஊற்றியதைச் சொன்னாள். அன்றைக்கு என்னவோ பேச்சு நன்றாக வந்தது. தடங்கல் இல்லாமல், கம்பெனிக் குரல் இல்லாமல், ஒரு தாய் பேசுகிற மாதிரியே வந்தது. அதில் அவளுக்கே ஒரு சின்ன சந்தோஷம். அதே சந்தோஷத்தோடுதான் திரும்பினாள்.

பாப்பா கதவோடு ஒட்டி நின்றாள். வலதுகை விரல்கள் கீல் பக்கத்து இடுக்குக்குள் போயிருந்தன. முகம் முழுக்கக் கண்ணீர், சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. வாய் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உலகத்தையே கூப்பிடுகிற அழுகை அது, ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல்.

ஹலோ அக்கா கதவைப் பிய்க்காத குறையாகத் திறந்து பிள்ளையை வாரினாள். இரண்டு விரல் நுனிகள் நசுங்கிக் கருத்திருந்தன. “கத்துடி! என் தங்கமே, கத்துடி! வாயை விட்டு அழுடி!” என்று அவள்தான் கத்தினாள். நான்கு மாடிக்கும் கேட்டது. பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்து, பயந்து, திறந்திருந்த வாயை மூடிக்கொண்டாள்.

தையல்காரி ஓடிவந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் விரலைச் சுத்தம் செய்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் மாட்டியிருந்துச்சும்மா?”

ஹலோ அக்கா மனசுக்குள் எண்ணினாள். ஒரு வெங்காயம். அப்புறம் உருளைக்கிழங்கு. எத்தனை உருளைக்கிழங்கு? கழுவினது, நறுக்கினது, அடுப்பு...

“கொஞ்ச நேரம் டாக்டர்.”

“கொஞ்ச நேரம்னா? ரெண்டு நிமிஷமா, பத்து நிமிஷமா? ரத்த ஓட்டம் எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு தெரிஞ்சாத்தான் நுனியைக் காப்பாத்த முடியுமான்னு சொல்ல முடியும். பக்கத்துல யாரும் இல்லையா?”

“நான் இருந்தேன்.”

டாக்டர் விளக்கைத் தள்ளி வைத்தார். குழந்தையின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு கண்ணு. என்ன ஆச்சு?”

பாப்பா அவரைப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். உதடுகள் வேகவேகமாக அசைந்தன. புருவம் ஏறி இறங்கியது. நல்ல கையை விரித்துக் காற்றைக் காட்டினாள், கதவைக் காட்டினாள், எட்டாத தூரத்தில் ஒரு முதுகைக் காட்டினாள். கண் நிறைந்து வழிந்தபோதும் நிறுத்தவில்லை. ஒன்று விடாமல், ஆதியோடு அந்தமாக, நீளமாகச் சொன்னாள். டாக்டர் காதைக் கொடுத்துக் குனிந்தார்.

“என்னம்மா சொல்றா?”

ஹலோ அக்கா பிள்ளையின் முகத்துக்கு நேரே மண்டியிட்டு, அந்த உதடுகளையே பார்த்தாள். ஒரு எழுத்தாவது பிடிபடாதா, ஒரு ‘அம்மா’வாவது அதில் இருக்காதா என்று பார்த்தாள். பாப்பா அவளிடமும் முதலிலிருந்து ஒரு தடவை சொன்னாள்.

“தெரியல டாக்டர்,” என்றாள் ஹலோ அக்கா. “எனக்குத் தெரியல.”